லெட்சுமணன் வெள்ளணுக்களை விரதம் இருக்க வைத்த கதை

வேண்டுதல் வைப்பதில் லெட்சுமணனை மிஞ்ச பெக்கான் நானாஸில் ஆள் கிடையாது. எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஒரு வேண்டுதல், மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கு ஒன்று, அந்த மோட்டார் சைக்கிள் காணாமல் போனபோது ஒன்று, அது கிடைத்த சந்தோஷத்தில் முன்னால் வைத்ததை மறந்துவிட்டு இன்னொன்று. அவன் தலையை முடியோடு பார்த்தவர்களைவிட மொட்டையாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். அடையாள அட்டைப் படத்திலும் மொட்டைதான். ஆனால் வைத்த வேண்டுதலை ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை, விரதத்தில் ஒரு குறை வைத்ததில்லை என்பதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் போன தைப்பூசத்தின்போது அவனைப் படுத்தி எடுத்தது.

பாலோ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். ஐந்தாம் படிவம் முடித்ததும் பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெய் ஆலை ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போனான். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித் துறைமுகம் வரைக்கும் போய், அங்கே காவல்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நடந்து திரும்புவான். பிறகு மலரைக் கட்டினான். மலருக்கு பெக்கான் நானாஸில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை. மனைவி ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம் என்றால் அது குடும்பமா என்று முருகனிடம் ஒரு பால்குடம் பேசி முடித்தான். அடுத்த மாதமே ஊருக்கு வெளியே ஒரு கடைவரிசையில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் கேட்டார்கள். லெட்சுமணன் உடனே போய்ச் சேர்ந்துகொண்டான்.

அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி டாக்டர் சாருமதி. செட்டியார் வீட்டுப் பெண், சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். அவருடைய ஆராய்ச்சி இதுதான்: தோஃபு செய்கிறவர்கள் தூக்கிப் போடும் சோயா சக்கையை வாங்கி, அதிலுள்ள புரதத்தை அன்னாசித் தண்டின் சாற்றை வைத்து அறுப்பது. புரதம் என்பது நீளமான மணிமாலை என்று வைத்துக்கொண்டால், அறுத்தபின் இரண்டு மணி, மூன்று மணி, ஐந்து மணியாகச் சிதறும் துண்டுகளுக்குப் பெப்டைடு என்று பெயர். இந்தத் துண்டுகள் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களை வளர்க்கின்றனவா, சண்டையை மூட்டிவிடுகின்றனவா, அல்லது அடக்குகின்றனவா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெட்சுமணன் முதலில் சாமான் கழுவினான். பிறகு அன்னாசித் தண்டு பிழிந்தான். போன தீபாவளிக்குப் பிறகு, வெள்ளணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட, டாக்டர் இவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு சின்ன அறை. இளஞ்சூடான பெட்டிக்குள் தட்டுகள். தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளணுக்கள். ரோஜா நிற ஊட்டநீரில் எஃப்.பி.எஸ். என்ற தேன் நிறச் சரக்கைக் கொஞ்சம் கலந்து, நாள் தவறாமல் அவற்றுக்கு ஊட்ட வேண்டும். எஃப்.பி.எஸ். என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. ஈ.பி.எஃப்., ஜே.பி.ஜே., எஸ்.பி.எம். என்று இந்த நாட்டில் எல்லாமே மூன்றெழுத்தாக இருக்கும்போது எதையென்று கேட்பது? அதை அவன் டானிக் என்று எடுத்துக்கொண்டான். "சாப்பிடுங்கடா ராஜாக்களா" என்று சொல்லித்தான் ஊட்டுவான்.

இந்த வேலை மாற்றத்தில் அதிகம் சந்தோஷப்பட்டவர் மாமியார் கிருஷ்ணம்மா. மலர் அப்போது மாசமாக இருந்தாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து நின்ற கரு. முன்பு இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் கிருஷ்ணம்மா பாலோவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, வீட்டுக்குள் அன்னாசியைத் தடை செய்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அன்னாசி ஆகாது என்பது அவர் கட்சி. தின்னத்தான் கூடாது என்றால் பரவாயில்லை. வாசனை ஆகாது, பேச்சே ஆகாது. உறவுக்காரர்களிடம் போனில் பேசும்போதுகூட "மவ வீட்டுல இருக்கேன்" என்பாரே தவிர, மலாய்க்காரர்கள் அன்னாசிக்கு வைத்த 'நானாஸ்' என்ற பெயர் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது என்பதற்காக ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார். தண்டு பிழிந்துவிட்டு வரும் மருமகன் வெளிக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

"இப்பத்தான் மாப்ள நல்ல வேலை. சுத்தமான வேலை. ஏசி ரூம்ல ஒக்காந்து டானிக் ஊத்துறது" என்றார் கிருஷ்ணம்மா, வேலை மாறிய அன்று.

குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று லெட்சுமணன் வைத்த வேண்டுதல் பால்குடம். அதுவும் சாதாரண விரதமல்ல, கடும் விரதம். கவுச்சி தின்னக் கூடாது, தொடக் கூடாது. தரையில் படுக்கை. தோல் வாரை எடுத்துவிட்டு இடுப்பில் நைலான் கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்தினான். கேக்கில் முட்டை இருக்கும் என்று டாக்டரின் பிறந்தநாளன்று கைகூப்பி விலகி நின்றான். இந்த முறை ஒரு குறையும் வந்துவிடக் கூடாது. வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவனுக்குத் தைரியம் இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது நடந்தது. சாமான் வாங்கி வைக்கும் ஃபைசால், தேநீர் நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்த வாரம் பெப்டைடு பவுடருக்கான ஹலால் சான்றிதழ் விஷயமாக அதிகாரிகள் வருகிறார்கள் என்று அவனுக்குப் பரபரப்பு. இருவரும் எப்போதும்போல் மலாயும் தமிழும் கலந்துதான் பேசிக்கொண்டார்கள். ஃபைசால் தமிழர்கள் நிறைந்த வீட்டு வரிசையில் வளர்ந்தவன், லெட்சுமணனை மட்டும் மலாயில் 'அபாங்', அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"அபாங், அந்த எஃப்.பி.எஸ். எங்க இருந்து வருதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பவுடர்ல அது சேரல, டெஸ்டுக்கு மட்டும்தான்னு சொல்லிரலாம்லா?"

"டானிக்தான? சொன்னா என்ன?"

"என்னா டானிக்? டாரா அனாக் லெம்பு அபாங்."

கன்றுக்குட்டி இரத்தம். லெட்சுமணன் அப்போதுதான் கடித்திருந்த மரவள்ளிக் குவே பலகாரம் தொண்டைக்குள்ளும் போகவில்லை, வெளியிலும் வரவில்லை.

"அதுவும் பொறக்காத கன்னு" என்றான் ஃபைசால், அவன் முகத்தைக் கவனிக்காமல். "தாய் மாட்ட அறுக்குற எடத்துல, வயித்துக்குள்ள குட்டி இருந்தா, அதுலேர்ந்து எடுக்குறது. செவப்ப நீக்கிட்டா மிச்சம் இந்தத் தேன் கலரு சீரம். ஒங்களுக்குத் தெரியாதா?"

லெட்சுமணன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவினான், பிறகு ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினான், பிறகு சட்டைப் பையில் வைத்திருந்த திருநீற்றை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்தான். கை வெளுத்ததே தவிர மனம் ஆறவில்லை. விரதம் தொடங்கிய நாளிலிருந்து, காலையில் குளித்து, திருநீறு பூசி, நேராக வந்து அவன் தொட்டது இதைத்தான். தன் மனைவியின் வயிற்றுப் பிள்ளைக்காக விரதம் இருந்துகொண்டு இன்னொரு தாயின் வயிற்றுப் பிள்ளையை... அதற்கு மேல் நினைக்க முடியாமல் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அழுது முடித்து வெளியே வந்தால், வெள்ளணுக்களுக்குச் சாப்பாட்டு நேரம். டாக்டர் சாருமதி உறவினர் கல்யாணத்துக்காகக் கோலாலம்பூருக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். போன் அடித்தான். எடுத்தார். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன.

"டாக்டர், எஃப்.பி.எஸ்..."

"தீந்துருச்சா? கீழ் ரேக்ல இன்னொண்ணு இருக்கு, லெட்சுமணன்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கையுறை மேல் கையுறை மேல் கையுறையாக மூன்று போட்டுப் பார்த்தான். விரல் மடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாமா என்று பார்த்தான். மூடிய கண்ணுக்குள் கன்றுக்குட்டி நின்றது. ஊட்டாமல் போய்விடலாம் என்றாலோ, பழைய நீரிலேயே அழுக்கில் கிடந்து அத்தனையும் சாகும். இந்தத் தட்டுகளை டாக்டர் எத்தனை பாடுபட்டு வளர்த்தார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் மேசையில் இருந்த பெப்டைடு குப்பிகள் கண்ணில் பட்டன. சோயாவும் அன்னாசியும். சுத்த சைவம். லெட்சுமணனுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மாதிரி யோசனை வேண்டுதல்காரர்களுக்கு மட்டும்தான் வரும்.

"நான் இத்தன நாளு கவுச்சி இல்லாம இருக்கேன். நீங்க ஒரு சனி ஞாயிறு இருக்க மாட்டீங்களாடா?" என்று தட்டுகளைப் பார்த்துக் கேட்டான். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

மற்றதில் ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டர் சொன்ன கணக்குப்படி முதல் வரிசைக்கு வெறும் ஊட்டநீர், இரண்டாம் வரிசைக்குப் பெரிய துண்டுகள் கலந்த நீர், மூன்றாம் வரிசைக்குச் சின்னத் துண்டுகள் கலந்த நீர். சீரத்தை மட்டும் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை. பெட்டியின் கதவில் திருநீற்றால் ஒரு பட்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து அதே சைவச் சாப்பாட்டை மாற்றி வைத்தான். மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்க்க மட்டும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் சாருமதி மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"லெட்சுமணன். இங்க வாங்க."

குரல் எறும்பு ஊர்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. லெட்சுமணனும் போய்க் குனிந்து பார்த்தான். முதல் வரிசை செத்துப்போய், வெந்த ஜவ்வரிசி மாதிரி மிதந்தது. இரண்டாம் வரிசையில் ஏதோ ஒன்றிரண்டு உயிரோடு இருந்தன. மூன்றாம் வரிசைதான் மெலிந்து போயிருந்தாலும் தட்டின் அடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பால்குடத்தில் தொடங்கி, ஃபைசால், கன்றுக்குட்டி, மூன்று கையுறை, திருநீறு வரைக்கும். டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"செல்லு எல்லாம் என்ன ஒங்க சொந்தக்காரங்களா, சேந்து விரதம் இருக்க?"

"சைவமா இருந்தாலும் பொழச்சிக்கும்னு நெனச்சேன் டாக்டர்."

"பொழைக்கலையே! முழு வரிசை போச்சே!" என்றவர், மறுபடியும் குனிந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தார். இந்தத் தடவை எழுந்திருக்க நேரமாயிற்று. "இவ்ளோ நாளா மூணு வரிசையும் ஒரே மாதிரி கொழுகொழுன்னு இருந்துச்சு. சீரம் எல்லாருக்கும் விருந்து வெச்சதுல, பெப்டைடு என்ன செஞ்சிச்சுன்னே தெரியல. அதுக்குத்தான் ஒரு ராத்திரி மட்டும் சீரத்த நிறுத்திப் பட்டினி போட்டுப் பாக்கணும்னு அடுத்த மாசத்துக்கு வெச்சிருந்தேன். எல்லா லேப்லயும் அப்படிச் செய்றதுதான். ஒரு ராத்திரி, லெட்சுமணன். நீங்க மூணு நாளு காயப் போட்டுட்டீங்க."

"அப்ப இதுங்களுக்கும் விரதம் உண்டா டாக்டர்?"

"உண்டுன்னே வெச்சிக்குங்க."

"அப்ப சின்னத் துண்டு வேல செய்யுதுங்களா?"

"அது சாப்பாடாக் கெடச்சுப் பொழச்சிச்சா, இல்ல 'தாக்குப் பிடிங்க'ன்னு ஒரு சேதியாக் கெடச்சுப் பொழச்சிச்சான்னு இப்ப சொல்ல முடியாது. திரும்பச் செய்யணும். தட்டுல நடந்ததால மனுஷ ஒடம்புலயும் நடக்கும்னும் சொல்ல முடியாது. வெளிய போயி கதை கட்டிறாதீங்க."

மத்தியானம் அவர் பிழைத்திருந்த வெள்ளணுக்களில் கிருமியின் துணுக்கு ஒன்றைப் போட்டுச் சீண்டிப் பார்த்தார். வழக்கமாக இந்தச் சீண்டலுக்கு அவை ஊரையே கூட்டுவதுபோல் எச்சரிக்கைச் சரக்கைக் கக்கும். மூன்றாம் வரிசை கொஞ்சம்தான் முணுமுணுத்தது. பட்டினிக் களைப்பாகவும் இருக்கலாம் என்று டாக்டர் அதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

"சண்ட போடாத வெள்ளணு எதுக்கு டாக்டர்? சம்பளம் வாங்கிட்டுத் தூங்குற காவல்காரன் மாதிரி" என்றான் லெட்சுமணன். துறைமுகக் காவல்காரரை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் சண்ட போட்டாலும் ஆபத்துதான். ஒங்க வீட்டுலயே பாருங்களேன். மலர் வயித்துல இருக்குற புள்ள பாதி மலர். மீதி பாதி நீங்க. மலரோட வெள்ளணுக்களுக்கு நீங்க யாரோ ஒரு ஆளு. நியாயப்படி தொரத்தணும்."

"அலாமாக்" என்றான் லெட்சுமணன்.

"தொரத்தறதில்ல. அதுக்குப் பல காரணம் இருக்கு. அதுல ஒண்ணு, கரு உருவான கொஞ்ச நாள்லேர்ந்தே அந்தக் கரு சின்னச் சின்னச் சேதியா அம்மாவோட வெள்ளணுக்களுக்கு அனுப்புது. இந்த மாதிரித் துண்டுங்களும் அதுல உண்டுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. 'நான் எதிரி இல்ல, கொஞ்சம் பொறுத்துக்குங்க'ன்னு கேக்குற மாதிரி."

லெட்சுமணன் மூன்றாம் வரிசையை இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். டாக்டர் அவனைப் பார்த்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் ஏற்றினார். அது அவருக்குக் கோபம் தணிந்ததன் அடையாளம்.

"எங்க வீட்டுலயும் பூசத்துக்குக் காவடி எடுக்குறவங்கதான். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? பூசம் முடியற வரைக்கும் சீரம் வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க போயி அன்னாசி பிழியுங்க."

ஆக, மறுபடியும் குழாயடிக் குளியல். சாயந்திரம் ஈரத்தலையோடு உள்ளே வந்த மருமகனைப் பார்த்து, "ஏன் மாப்ள, நல்ல வேலைய விட்டுட்டீங்க?" என்றார் கிருஷ்ணம்மா. அந்த ஒரு கேள்விக்கு லெட்சுமணன் உடைந்துபோனான். சோபாவில் சாய்ந்திருந்த மலரின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, டாக்டரிடம் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னான்.

"என் வெரதம் கெட்டுப் போச்சு மலர். தெரியாமத்தான் தொட்டேன். ஆனா தொட்டது தொட்டதுதான். இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அது என்னாலதான்."

கிருஷ்ணம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றார். அன்னாசி வாசனைக்கே ஊரைக் கூட்டுகிற அந்த அம்மாள், மாட்டு இரத்தத்துக்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான். மலர்தான் முதலில் பேசினாள்.

"அந்தக் கன்னு எத்தன மாசத்துக் கன்னுங்க?"

"தெரியல."

மலர் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். முன்பு தங்காமல் போன இரண்டையும் அவள் நினைத்திருப்பாள். நினைக்காமல் இருக்க முடியாது.

"அது ஒண்ணும் பண்ணலையேங்க. வயித்துக்குள்ள சும்மா படுத்துக் கெடந்துச்சு. அது மேல கோவமாவும் இல்ல, அருவருப்பாவும் இல்ல எனக்கு. பாவமா இருக்கு." அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "வெரதம் கெட்டுச்சா கெடலையான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கன்னுக்கும் சேத்து இன்னொரு குடம் எடுங்க. எப்படியும் பால் அதுக்குப் போக வேண்டியதுதான?"

கிருஷ்ணம்மா கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். பானை உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம் இருந்தது. மகளின் சீமந்தத்துக்கென்று பாலோவிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் வைத்திருந்தது அது.

"இது போதுமா பாருங்க மாப்ள. கன்னுதான, சின்னதா இருந்தாப் போதும்" என்றார்.

தைப்பூசத்தன்று ஜொகூர் பாரு முருகன் கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. லெட்சுமணன் புது மொட்டையில் சந்தனம் வழிய, தலையில் பெரிய குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சின்னக் குடத்தை இன்னொரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். பின்னால் கிருஷ்ணம்மா. மலர் வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒரு குடம் எடுக்கிற இடத்தில் ஒருவன் இரண்டோடு நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்தில் காவடியோடு நின்ற ஒருவருக்குப் பொறுக்கவில்லை. பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறவர்போல, தோளில் தொழிற்சாலைப் பெயர் போட்ட துண்டு.

"என்னா அண்ணே, ரெண்டு கொடம்? யாருக்கு?"

"புள்ளைக்குத்தான்" என்றான் லெட்சுமணன்.

"ஓ, ரெட்டப் புள்ளையா! சபாஷ்!"

லெட்சுமணன் வாயைத் திறந்தான். இடுப்பில் இருந்த சின்னக் குடத்தைப் பார்த்தான். பால் விளிம்பு வரைக்கும் வந்து தளும்பி நின்றது.

"ஆமாங்க" என்றான். "ரெண்டு."

காவடிக்காரர் அதைப் பின்னால் இருந்தவருக்குச் சொன்னார். அவர் அவருக்குப் பின்னால் இருந்தவருக்குச் சொன்னார். தண்ணீர்ப் பந்தலில் இருந்த மலரிடம் முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து, ரெட்டைப் பிள்ளைக்கு இப்போதே இரண்டு தொட்டில் வாங்கிவிடு என்று யோசனை சொல்லிவிட்டுப் போனாள். வரிசை நகர்ந்தது. சன்னதியில் பூசாரி முதல் குடத்தை வாங்கி ஊற்றிவிட்டு, இரண்டாவதை வாங்கும்போது, பேர் நட்சத்திரம் கேட்டார்.

லெட்சுமணன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னும் பேரு வெக்கல சாமி" என்றார் பின்னால் இருந்த கிருஷ்ணம்மா. "நீங்க ஊத்துங்க."